பஞ்சுப் பொம்மைக்குப் பசிக்கும்போது: இணைய உலகங்களில் பொம்மை வியாபாரம் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2007இல் என் மகளுக்கு எட்டு வயது. இன்று என் தங்கையின் மகனுக்கு எட்டு வயது. அவள் கணினியில் ஒரு பஞ்சு நாய்க்குச் சோறு ஊட்டினாள். இவன் டேப்லெட்டில் கார் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் தெரிந்தவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மெய்நிகர் உலகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதுவும் வீடியோ கேம்தானே?

பாதிதான். விளையாட்டு என்றால் வெல்வோம், தோற்போம், எழுந்து போவோம். மெய்நிகர் உலகத்தில் ஆட்டம் முடிவதே இல்லை. குழந்தைக்கு அங்கே ஓர் உருவம் உண்டு, பெயர் உண்டு, வீடு உண்டு, வீட்டுக்குக் கட்டிலும் கம்பளமும் வாங்கக் கடைத்தெரு உண்டு, அக்கம்பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் உண்டு. கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த ஊர் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

பொம்மைக் கம்பெனிகள் எப்போது உள்ளே வந்தன?

முன்னோடி நியோபெட்ஸ். அதைப் பொம்மைக் கம்பெனி தொடங்கவில்லை. 1999இல் இங்கிலாந்தில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய இணையச் செல்லப்பிராணி விளையாட்டு அது. பொம்மைகள் பின்னால் வந்தன. தலைகீழாகத் தொடங்கியது வெப்கின்ஸ்: முதலில் கடையில் பொம்மை, பிறகு இணையத்தில் உலகம். அதை 2005 ஏப்ரலில் வெளியிட்ட கான்ஸ், எங்கள் ரொறன்ரோவை ஒட்டிய வுட்பிரிஜ்ஜில் இருக்கும் குடும்ப நிறுவனம். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனா நகரத்தில் கிளப் பெங்குவின் என்ற இன்னோர் இணைய உலகம் பிறந்தது. இரண்டே ஆண்டில் டிஸ்னி அதை 35 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. 2007இல் பார்பி பொம்மையைச் செய்யும் மாட்டெல் நிறுவனம் பார்பி கேர்ள்ஸ் உலகத்தைத் திறந்தது, 2010இல் லெகோ தன் பெயரில் ஒன்றைத் திறந்தது. இடையில் வந்த சின்ன உலகங்களைச் சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் நீளும்.

வெப்கின்ஸ் அப்படி என்னதான் செய்தது? வெறும் பஞ்சுப் பொம்மைதானே?

பொம்மை சாதாரணமானதுதான். காலில் கட்டியிருந்த அட்டைதான் விஷயம். அதைத் திறந்தால் உள்ளே ஓர் இரகசியக் குறியீடு இருக்கும். அதை இணையத்தளத்தில் பதிந்தால் பொம்மையைத் தத்தெடுத்ததற்குச் சான்றிதழ் வரும், அதன் மெய்நிகர் உருவம் திரையில் உயிர்பெறும், அதற்கு ஓர் அறை கிடைக்கும். அப்போது பொம்மையின் விலை பத்துப் பதினைந்து டாலர். சிறிய ரகம் இன்னும் மலிவு. உலகத்துக்குள் நுழையத் தனிக் கட்டணம் கிடையாது. பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். மாதச் சந்தா இல்லை, கடன் அட்டை எண் கேட்பதில்லை, ஒரு பொம்மையோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. அந்தக் காலத்தில் குறியீட்டுக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். ஆண்டு முடிவதற்குள் இன்னொரு பொம்மையைத் தத்தெடுத்தால் கணக்கு நீளும். இல்லையென்றால், ஓர் ஆண்டாகச் சேர்த்த அறைகளும் தளபாடங்களும் அந்த நாயும் சேர்ந்து போய்விடும். சந்தா என்ற சொல்லை எங்கும் எழுதாமலே சந்தா வசூலிக்கும் வழி இது. அந்தச் சந்தாவைப் பிறந்தநாள் பரிசு என்ற பெயரில் மாமாவும் பெரியம்மாவும் மகிழ்ச்சியோடு கட்டினார்கள். நானும் கட்டியிருக்கிறேன்.

அதோடு "இந்த மாதத்தின் செல்லம்" என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட விலங்கைத் தத்தெடுத்தால் கூடுதல் பரிசு. அடுத்த மாதம் வேறு விலங்கு. பள்ளிக்கூடத்தில் யாரிடம் எத்தனை என்ற கணக்கு தொடங்கியது. பிள்ளைகள் புத்தகப்பையில் திணித்துக் கொண்டுவருவதைத் தாங்க முடியாமல் சில பள்ளிகள் இந்தப் பொம்மைகளுக்கே தடை போட்டன.

குழந்தை "நாய்க்குப் பசிக்கிறது" என்று நிஜமாகவே கலங்குகிறாளே, நடிக்கிறாளா?

நடிக்கவில்லை. இந்த வியாபாரத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திரையின் ஓரத்தில் மூன்று அளவுகோல்கள் இருக்கும்: பசி, உடல்நலம், மகிழ்ச்சி. போகாமல் விட்டால் மூன்றும் இறங்கும். செல்லம் சாகாது, ஆனால் சோர்ந்துபோய் நோயில் படுக்கும், மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். உணவு வாங்க அந்த உலகத்துப் பணம் வேண்டும். பணத்துக்கு விளையாட வேண்டும், அல்லது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் வேலை செய்ய வேண்டும். அந்த வேலை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். பரிசுச் சக்கரத்தை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சுழற்றலாம். காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்று வந்துபோகும் பழக்கத்தைக் குழந்தைக்குக் கணக்குப் பார்த்துப் பூட்டியிருந்தார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் பத்து நாள் மொன்றியல் போனோம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு என் மகள் ஒற்றைக் கோட்டுத் தாளில் எழுதி அம்மம்மாவின் கையில் கொடுத்தாள்: பயனர் பெயர், கடவுச்சொல், "காலையில் பழம், இரவில் பால், குளிப்பாட்டிவிட்டுப் படுக்க வைக்கவும்." அம்மம்மாவுக்கு அதுவரை மவுஸைத் தொட்டுப் பழக்கம் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, உன் நாய் நான் குடுக்கிறதைத் தின்னுதில்லை" என்றார். விசாரித்தால், அவர் நாயைச் சொடுக்காமல் கட்டிலைச் சொடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை.

பழைய விளம்பரம் குழந்தையை ஆசைப்பட வைத்தது. ஆசையை "இப்போது வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாம். இந்த உலகம் குழந்தையின் தலையில் ஒரு பொறுப்பை வைத்தது. பசித்த நாயை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வீர்கள்?

பார்பி உலகமும் அப்படித்தானா?

அங்கே பிடி வேறு: தோழமை. 2007இல் உலகத்தைத் திறந்த கையோடு, பார்பி உருவத்தில் பாட்டுக் கேட்கும் ஒரு கருவியை 60 டாலர் அளவில் விற்றார்கள். கருவியைக் கணினியில் செருகினால்தான் சில கடைகளும் உடைகளும் திறக்கும். அதைவிட முக்கியம், நெருங்கிய தோழியாகச் சேர்வதற்கு விதித்த நிபந்தனை: ஒருத்தி தன் கருவியை எடுத்துக்கொண்டு மற்றவள் வீட்டுக்குப் போய் அவளுடைய கணினியில் செருகிப் பதிய வேண்டும். பாதுகாப்புக்காக என்றார்கள். அது உண்மைதான், முகம் தெரியாத யாரும் தோழி வேடம் போட முடியாது. ஆனால் அதே நிபந்தனை, தோழிகள் இருவர் என்றால் கருவியும் இரண்டு என்று ஆக்கிவிட்டது. ஒரே பூட்டில் பாதுகாப்பையும் விற்பனையையும் கோத்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இன்றும் வியக்கிறேன். அந்த உலகத்தை 2011இல் மூடினார்கள்.

விளையாட்டுக்குள்ளே மற்றக் கம்பெனிகளின் விளம்பரமும் வருமா?

வரும். நியோபெட்ஸ் இதற்கென்றே "மூழ்கடிக்கும் விளம்பரம்" என்ற பொருளில் ஒரு சொல்லை உருவாக்கி, அதை வணிகக்குறியாகவும் பதிந்து வைத்திருந்தது. பக்கத்தின் மேல் ஒரு பட்டை தொங்கினால் அது விளம்பரம் என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே ஊருக்குள்ளேயே தானிய உணவுக் கம்பெனியின் பெயரில் ஒரு விளையாட்டு, பர்கர் கடையின் பெயரில் இன்னொன்று. விளையாடினால் அந்த ஊர்ப் பணம் கிடைக்கும். குழந்தைக்கு அது வருமானம். 2005இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் 16 கோடி டாலர் கொடுத்து வாங்கியது இந்த ஊரைத்தான்.

வெப்கின்ஸ் இந்த வழியில் கால்வைத்தபோது, 2007 கடைசியில், எதிர்ப்பு வந்தது. புதிதாக வந்த கார்ட்டூன் திரைப்படங்களின் விளம்பரங்களைத் தளத்தில் போட்டார்கள். பொம்மைக்குக் காசு கொடுத்தாயிற்று, அதன்மேல் இது என்ன என்று பெற்றோர் கேட்டார்கள்; பாஸ்டனைச் சேர்ந்த குழந்தைகள் நல அமைப்பு ஒன்று இயக்கமே நடத்தியது. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. வெளியார் விளம்பரத்தைக் கண்டு கொதித்த நாம், அந்தத் தளம் முழுக்க ஒரே விளம்பரம் என்பதைக் கவனிக்கவே இல்லை.

தொலைக்காட்சியிலும் பொம்மை விளம்பரம் வந்ததே. இதில் என்ன புதுமை?

தொலைக்காட்சியில் எல்லைக்கோடு இருந்தது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைகள் நிகழ்ச்சிகளில் மணிக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது: வார இறுதியில் பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் 12 நிமிடம். நிகழ்ச்சியின் கதாபாத்திரமே இடைவேளையில் வந்து பொருளை விற்கவும் கூடாது.

நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால் என்ன செய்வது என்ற சண்டை அதைவிடப் பழையது. 1969இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் வந்தபோது, போட்டிப் பொம்மைக் கம்பெனி ஒன்று "இது அரைமணி நேர விளம்பரம்" என்று அரசிடம் முறையிட்டது. தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையம் அதை ஒப்புக்கொண்டு, நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கிடச் சொன்னது. நிமிடக் கணக்கு என்ற அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இணைய உலகத்துக்குப் போனால், எதை அளப்பது? நாயைக் குளிப்பாட்டிய ஏழு நிமிடம் விளையாட்டா, விளம்பரமா?

"இது விளம்பரம்" என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்குப் புரியாதா?

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரத்தின் பின்னால் உள்ள நோக்கம், அதாவது "நம்மை வாங்க வைக்கப் பார்க்கிறார்கள்" என்பது, சரியாகப் பிடிபடுவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் அறிக்கை தந்தது. அது பெரும்பாலும் தொலைக்காட்சியை வைத்துச் சொன்னது; நிகழ்ச்சியும் விளம்பரமும் தனித்தனியாகத் தெரிகிற இடம்.

புரிந்துவிட்டால் தப்பித்துவிடுவார்கள் என்றும் இல்லை. என் மருமகன் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டு உலகத்தில் ஒரு பொம்மைக் கார் கம்பெனி கட்டிய ஊருக்குள் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். "இந்த ஊரை யார் கட்டினார்கள்?" என்று கேட்டேன். "அந்தக் கார்க் கம்பெனிதான். ஆட்கள் கார் வாங்க வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். மாமாவுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றான். எனக்கு ஒரே பெருமை. பத்து நிமிடம் கழித்து, "மாமா, அந்த ஆரஞ்சுக் கார் கடையில் இருக்குமா?" என்றான்.

சட்டம் எதுவும் தடுக்கவில்லையா?

இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

அமெரிக்காவில் 1998இல் இயற்றி 2000இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரிக்கக்கூடாது. இதன்கீழ் மெய்நிகர் உலகங்கள் நடத்திய பிளேடம் நிறுவனம் 2011இல் 30 இலட்சம் டாலர் கட்டியது; ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022இல் 27.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. வேண்டாத பொருளைத் தவறிச் சொடுக்கி வாங்கும்படி பொத்தான்களை அமைத்ததற்காக அதே எபிக் இன்னொரு 24.5 கோடியைத் திருப்பித்தரவும் நேர்ந்தது. தொகைகள் பெரியவைதான். ஆனால் தகவல் சட்டம் காப்பது பிள்ளையின் பெயரையும் முகவரியையும். நாய்க்குப் பசிக்க வைப்பது அதன் கண்ணில் குற்றமே அல்ல.

இங்கிலாந்து சொல்லையே பிடித்துக்கொண்டது. குழந்தையைப் பார்த்து நேரடியாக "வாங்கு" என்று ஏவக்கூடாது என்பது அங்கே விதி. 2015இல் மோஷி மான்ஸ்டர்ஸ், பின் வீவில்ஸ் என்ற இரண்டு உலகங்கள்மீது விளம்பரத் தர ஆணையம் இதே காரணத்துக்காகத் தீர்ப்பளித்தது. உறுப்பினராகச் சேரும்படி பிள்ளைகளை அவசரப்படுத்திய வாசகங்களை மாற்றச் சொன்னது.

கியூபெக் மாகாணம் இருக்கிறதே, அது எல்லாரையும்விட ஒரு படி மேலே. 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரமே அங்கே கூடாது, 1980 முதல். எதிர்த்து வழக்காடியது யார் என்று நினைக்கிறீர்கள்? ரொறன்ரோவின் ஒரு பொம்மைக் கம்பெனி, இர்வின் டாய். கனடிய உச்ச நீதிமன்றம் 1989இல் மாகாணத்தின் பக்கம் நின்றது. பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடுதான், ஆனால் நியாயமான கட்டுப்பாடு என்றது.

இந்தியாவில்?

2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் கடுமையானது. அங்கே 18 வயதுவரை குழந்தைதான். பெற்றோர் அனுமதி வேண்டும். பிள்ளையின் நடத்தையைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசத்தோடு. ஆனால் ஒரு பொம்மைக் கம்பெனி கட்டிய ஊருக்குள் பிள்ளை தானாகவே நடந்து போனால், குறிவைக்க வேண்டிய அவசியமே இல்லையே.

அந்தப் பழைய உலகங்கள் எல்லாம் மூடிவிட்டன. இன்னும் எதற்குக் கவலை?

எல்லாம் மூடவில்லை. வெப்கின்ஸும் நியோபெட்ஸும் இன்றும் நடக்கின்றன. மூடியவற்றின் கதை: லெகோவின் உலகம் 2012 ஜனவரியோடு முடிந்தது, கிளப் பெங்குவின் 2017 மார்ச்சில். கம்பெனிகள் கற்ற பாடம் எளியது. தனியாக ஊர் கட்டி, காவல் போட்டு, பராமரித்து நஷ்டப்படுவதைவிட, பிள்ளைகள் ஏற்கெனவே கூடியிருக்கும் ஊரில் ஒரு கடை போடுவது மேல்.

அந்த ஊர்தான் ரோப்லாக்ஸ். தன் தினசரிப் பயனர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் 13 வயதுக்குட்பட்டவர்கள் என்று 2024இல் நிறுவனமே கணக்குக் காட்டியது. மாட்டெலின் பார்பியும் ஹாட் வீல்ஸும் அங்கே குடிவந்துவிட்டன. ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி அந்த உலகத்து விளையாட்டுகளின் பெயரில் நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கிகளை விற்றது. பெட்டிக்குள் ஒரு குறியீடு, பதிந்தால் திரைக்குள்ளும் ஒரு துப்பாக்கி. பஞ்சு நாயின் காலில் இருந்த அட்டை இடம்மாறியிருக்கிறது, அவ்வளவுதான். லெகோவோ எபிக்கோடு கைகோத்து 2023 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. லெகோவின் பின்னால் உள்ள குடும்ப முதலீட்டு நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே எபிக்கில் 100 கோடி டாலர் போட்டிருந்தது.

2022இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று ரோப்லாக்ஸில் விளம்பரமும் விளையாட்டும் பிரித்தறிய முடியாமல் கலந்திருப்பதாக அரசிடம் புகார் கொடுத்தது. மறு ஆண்டு ரோப்லாக்ஸ் 13 வயதுக்குட்பட்டோருக்கு விளம்பரம் காட்டுவதற்கு விதிகளை இறுக்கியது. பலகையில் தெரிகிற விளம்பரத்தைத் தடுக்கத்தான் அது பெரிதும் உதவும்.

இதனால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. என் மகள் தட்டச்சு செய்யப் பழகியது அங்கேதான். தளபாடம் வாங்கக் காசு சேர்த்து வைத்தாள். வெப்கின்ஸில் அரட்டைக்கு முன்கூட்டியே எழுதிவைத்த வாக்கியங்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். கூடுதல் வசதிக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். அந்த விஷயத்தில் இன்றைய பல உலகங்களைவிட அது பாதுகாப்பான இடம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுக்க விடாதீர்கள். சட்டமும் தளங்களும் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் 13 வயதுக்குட்பட்ட கணக்குக்குத்தான். பிள்ளை தன்னை 19 என்று சொல்லிக்கொண்டால் அந்தக் கதவுகள் அத்தனையும் திறந்துவிடும்.

கடன் அட்டையைச் சாதனத்தில் சேமித்து வைக்காதீர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு பரிசு அட்டை கொடுத்துவிடுங்கள். அந்த உலகத்துப் பணத்தை நம் பணத்தில் சொல்லிப் பழக்குங்கள். ரோப்லாக்ஸில் 400 ரோபக்ஸ் வெகுகாலம் ஐந்து டாலர். "இந்தத் தொப்பி 250" என்றால் பிள்ளைக்கு அது வெறும் எண். "மூன்று டாலர்" என்றால் முகம் மாறும். மீதி 150 கையில் நிற்கும், அதற்குப் பெரிதாக எதுவும் வராது, அதனால் இன்னொரு ஐந்து டாலர் கேட்கும். அந்த மீதியைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தினமும் வரச்சொல்லும் பரிசு எது, வராவிட்டால் கெட்டுப்போவது எது என்று பிள்ளையோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். என் மருமகனுக்கு இது துப்பறியும் விளையாட்டு மாதிரி. ஒரே மாலையில் ஆறு கண்டுபிடித்தான்.

கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள். 2020இல் வெப்கின்ஸின் 2 கோடியே 30 இலட்சம் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் வெளியே கசிந்தன. அம்மம்மாவின் தாளில் இருந்ததும் அதில் இருந்திருக்கலாம்.

ஒரேயடியாகத் தடுத்துவிட்டால்?

முயன்றவர்களைத் தெரியும். பிள்ளை பக்கத்து வீட்டில் போய் விளையாடியது.

பழைய பொருள் கடையில் இந்தக் குறியீட்டுப் பொம்மைகள் இரண்டு டாலருக்குக் கிடைக்கின்றனவே, வாங்கலாமா?

கட்டிப்பிடித்துத் தூங்க என்றால் தாராளமாக. இணையத்துக்கு என்றால் அட்டையைப் பாருங்கள். அட்டை இல்லாத பொம்மையின் குறியீடு எப்போதோ யாரோ பயன்படுத்தி முடிந்தது. இரண்டாம் முறை அது செல்லாது. அட்டை பிரிக்காமல் இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள், இரண்டு டாலருக்குக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். கண்கள் நன்றாகத் தைத்திருக்கின்றனவா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.